கட்டில் வண்டிக்கு ஒரு எஞ்சின்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. உன் இருமல் விட்டதா, குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று எழுது. போனிலேயே கேட்டிருப்பேன். உன் அழைப்பு என்று தெரிந்ததும் உன் அத்தான் ஓடிவந்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். பிறகு பேச்சு முழுக்க அவருடையது. கடிதம் என்றால் அவருக்குக் கொட்டாவி வருகிறது. அதனால் நமக்கு இதுதான் தோது.

நீ அனுப்பிய பெட்டி வந்தது. அவர் பெயருக்கு வந்தது. வாங்கிக்கொள்ள நான் போனேன். கொண்டுவந்தவன் பெயரைப் பார்த்துவிட்டு, "சார் இல்லையாம்மா?" என்று கேட்டுத் திருப்பி எடுத்துப்போய்விட்டான். மறுநாள் சார் வீட்டில் இருந்து வாங்கினார். கூடத்தின் நடுவில் செய்தித்தாள் விரித்து, எஞ்சின், தகர டேங்க், சைலன்சர், சங்கிலி என்று ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். எல்லாவற்றிலும் ஏதோ பழுப்பு நிற மசகு. திரைச்சீலையில் மூக்கை வைத்தால் இன்னும் அந்த வாடைதான்.

நான் உன்னிடம் எஞ்சின் கேட்டேனா? மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்றேன், அவ்வளவுதான். மூச்சு வாங்கினால் வாங்கிவிட்டுப் போகிறது. நான் படிக்கட்டில் விழுந்து வால் எலும்பு உடைந்தபோது நீதான் அலைந்து திரிந்து இந்தச் சாய்வு சைக்கிளைப் பிடித்துக் கொடுத்தாய். சாதாரண சைக்கிள் சீட்டில் என்னால் உட்கார முடியாது. பஸ்ஸில் குலுங்க முடியாது. கொஞ்ச தூரம் நடந்தால் இடது கால் மரத்துப்போகிறது. இதில் முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி மிதித்தால் வலி தெரிவதில்லை. தெருவில் இதற்குக் கட்டில் வண்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். யார் கையையும் எதிர்பார்க்காமல் மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் போய் வருகிறேன். மடிப்பறையை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். நின்றுகொண்டே செய்கிற வேலை என்பதால் உடம்பும் ஒத்துழைக்கிறது. எனக்கு வேறு என்ன வேண்டும்?

அனுப்பியது அனுப்பிவிட்டாய். எப்படிப் பூட்டுவது என்று விளக்கமாக எழுது. இல்லாவிட்டால் உன் அத்தான் தன் போக்கில் ஏதாவது செய்து வைப்பார். குழந்தைக்கு என் முத்தம்.

அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டி எழுதினால்தான் நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புவேன். நம்பிவிட்டேன். இங்கே இருமல் விட்டது. பல் இரண்டு வந்துவிட்டது. அவள் அம்மாவைக் கடிக்கிறாள், என்னைக் கடிப்பதில்லை.

அத்தான் பெயரில் அனுப்பியது ஒரு மரியாதைக்குத்தான். வீட்டில் அவர் இருக்கும்போது உன் பெயருக்குச் சாமான் வந்தால் மனசில் ஒன்று தோன்றாதா? வண்டி உன்னுடையது என்று அவருக்குத் தெரியாதா என்ன. நான் பாதிநாள் புல்வெட்டி எஞ்சின்களோடு புரள்கிறவன். கடையில் இந்த எஞ்சின் ஒன்று மிஞ்சியபோது உன் மேம்பாலம்தான் நினைவுக்கு வந்தது. சாய்ந்து ஓட்டுகிற வண்டியில் ஏற்றம் வந்தால் எழுந்து நின்று மிதிக்க முடியாதே.

மற்ற சைக்கிள்களில் எஞ்சினைக் காலுக்கு நடுவில் சட்டத்தில் பூட்டுவார்கள். உன் வண்டியில் அந்த இடமே கிடையாது. அதனால் சீட்டுக்குப் பின்னால், பின்சக்கரத்துக்கு மேலே உட்காரும்படி ஒரு தாங்கி செய்து அனுப்பியிருக்கிறேன். கிளப்புவதற்குச் சாவி எதுவும் இல்லை. கிளட்சைப் பிடித்துக்கொண்டு மிதிக்க வேண்டும், வேகம் வந்ததும் கிளட்சை விட வேண்டும். உடனே பிடித்துக்கொள்ளும். மிதிக்காமல் அது கிளம்பாது. முதல் சில வாரம் ஆக்சிலேட்டரை அதிகம் முறுக்காமல், தினமும் கொஞ்சம் ஓட்டிப் பழக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று முக்கியம். பெடல் இருக்கிற முன்குழாய் உள்ளே வெளியே நகரக்கூடியது. உன் கால் நீளத்துக்கு அதை நான் வைத்துக் கொடுத்தேன். எஞ்சின் அதிர்வில் அது நழுவப் பார்க்கும். பிடித்திருக்கிற வளையத்தை நன்றாக முறுக்கச் சொல். இதையெல்லாம் அத்தானுக்கும் தனியாக எழுதிப் போட்டிருக்கிறேன்.

முதுகைக் கவனித்துக்கொள்.

தம்பி


பிப்ரவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் வேண்டும். எழுதிவிட்டேன். இனி கேள்.

எஞ்சினைப் பூட்டியாயிற்று. பூட்டியவர்கள் மூன்று பேர். உன் அத்தான், அவருடைய சோபாக் கடையில் கூட வேலை செய்கிற சோடாபுட்டி, பக்கத்துத் தெரு வெல்டர். வாசலில் வைத்துச் செய்யுங்கள் என்றேன். வெயில் என்றார்கள். கூடத்தில் வைத்தே செய்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை என் கூடம் என் கூடமாக இல்லை.

நான் காய்கறி கழுவுகிற பாத்திரத்தில் கார்புரேட்டரைப் போட்டு ஊறவைத்தார்கள். என் குளியல் சோப்பு கருப்பாகிவிட்டது. அதில் ஒரு முடி வேறு ஒட்டிக்கொண்டிருக்கிறது, யாருடையது என்று யோசிக்கவும் பிடிக்கவில்லை. கதவு, சுவிட்சு, குளிர்ப்பெட்டியின் கைப்பிடி என்று தொட்ட இடமெல்லாம் விரல் ரேகை. டேங்கிலிருந்து பெட்ரோல் எடுக்க உன் அத்தான் ஒரு ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். வாய்க்குள் வந்ததைச் சமையலறைத் தொட்டியில் துப்பினார். துப்பிவிட்டு அங்கேயே என் டம்ளரில் தண்ணீர் குடித்தார். மற்ற இருவரும் கைதட்டாத குறை. அந்த டம்ளரைத் தூக்கிப் போட்டுவிட்டேன். எங்கே என்று இரண்டு நாளாகத் தேடுகிறார்.

நான் அருவருப்புப் படுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். சலவைக்கூடத்தில் முதல் சில வருடம் கீழ்த்தளத்தில், அழுக்குத் துணி பிரிக்கிற இடத்தில் நின்றவள். ரத்தமும் சீழும் காய்ந்த விரிப்புகளைக் கையால் எடுத்துப் பிரித்திருக்கிறேன். ஒருநாளும் சோறு இறங்காமல் போனதில்லை. அது வேலை, நோயாளி வேண்டுமென்று செய்ததில்லை. இங்கே ஒவ்வொன்றையும் மூன்று ஆண்கள் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள்.

ஒருநாள் ஓட்டிப் போனேன். பெரிதாகச் சொல்ல மாட்டேன், மேம்பாலத்தில் மிதிக்காமலே ஏறியது. ஆனால் எஞ்சின் என் பிடரிக்குப் பின்னால் கத்துகிறது. புகை பக்கவாட்டில் வந்து முகத்தில் படிகிறது. சைலன்சர் கருப்பாக எச்சில் வடிக்கிறது, காற்றில் அது முதுகில் தெறிக்கிறது. வேறு உடை மாற்றிக்கொண்டுதான் மடிப்பறைக்குள் போனேன். கையிலும் தலைமுடியிலும் இருந்த வாடை போகவில்லை. மதியம் குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு வண்டி விரிப்பு திரும்பி வந்தது. "இதென்ன பெட்ரோல் நாத்தம்? கைக்குழந்தைய இதுல எப்படிப் படுக்க வைக்கிறது?" என்று நர்ஸ் கேட்டாள். என் அறையிலிருந்து போன துணி திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு முகம் எரிந்தது. எல்லாவற்றையும் மறுபடி சலவைக்குப் போட்டேன்.

எஞ்சினைக் கழற்றிவிடச் சொன்னேன். சரிசெய்து தருகிறேன் என்கிறார். நீயும் சொல். குழந்தையை வெயிலில் தூக்கிக்கொண்டு அலையாதே.

அக்கா


பிப்ரவரி 27

பாசமுள்ள மச்சானுக்கு,

அத்தானின் அன்பு. நாங்கள் இருவரும் சௌக்கியம். நீ கெட்டிக்காரன் என்று எனக்கு எப்போதும் தெரியும். இந்த எஞ்சினைப் பார்த்த பிறகு ஊருக்கும் தெரிந்துவிட்டது. சோபாக் கடை வாசலில் நிறுத்தினால் கூட்டம் கூடுகிறது. முதலாளியே வெளியே வந்து பார்த்தார். கூட்டத்தில் இரண்டு பேர் உள்ளே வந்து சோபா விலை கேட்டுப் போனார்கள். என் ஆயுசில் இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை, மச்சான்.

நீ சொன்னது சரி, முன்குழாய் அதிர்வில் நழுவிக்கொண்டே இருந்தது. வளையத்தை எவ்வளவு முறுக்கினாலும் ஓரிரு நாளில் பழைய கதை. நம் வெல்டர் ஒரு யோசனை சொன்னான். குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்து, சங்கிலியில் ஒரு துண்டு சேர்த்து, மேலும் கீழுமாக இரண்டு பொட்டு வெல்டிங் வைத்துவிட்டோம். இனி ஜென்மத்துக்கும் அசையாது. சாய்ந்து காலை நீட்டினால் முழங்கால் இடிக்காமல் அவ்வளவு சுகமாக இருக்கிறது. மேம்பாலத்தில் பஸ்ஸை முந்துகிறேன் என்றால் நம்புவாயா?

உன் அக்காவுக்கு வாடை ஒத்துக்கொள்ளவில்லையாம். ஆஸ்பத்திரி அழுக்குத் துணியைப் பிரித்தவளுக்கு வாடையாம். நானும் எதிர்த்துப் பேசவில்லை. புது எஞ்சினைத் தினமும் ஓட்டிப் பழக்க வேண்டும் என்று நீயே எழுதியிருந்தாய். அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். பெட்டியில் என் பெயரை எழுதி என்னை நம்பி ஒப்படைத்திருக்கிறாய், அதைக் காப்பாற்ற வேண்டாமா?

ஸ்பார்க் பிளக் அடிக்கடி கரி பிடிக்கிறது. முடிந்தால் இரண்டு அனுப்பு.

அன்பு அத்தான்


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலம் என்று அவர் கடிதத்தில் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக அவர் எழுதி நான் படித்ததில்லை. பிளக் இரண்டு அனுப்பியிருக்கிறேன். புகை குறைய பெட்ரோலில் எண்ணெயைக் கம்மியாகக் கலக்கச் சொல்லி ஒரு அளவுக் குடுவையும் வைத்திருக்கிறேன்.

முன்குழாயில் வெல்டிங் வைத்துவிட்டதாக எழுதியிருந்தார். உன்னை உட்கார வைத்துப் பார்த்துத்தான் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். வண்டி இப்போது உனக்குப் பழகிவிட்டதா? கிளட்ச் கைக்கு இறுக்கமாக இருக்கிறதா? குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டாள். கீழே கிடப்பதையெல்லாம் வாயில் போடுகிறாள்.

தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். வண்டி நன்றாக ஓடுகிறது. இரண்டு தெருவுக்குச் சத்தம் கேட்கிறது. பிளக் வந்தது, அளவுக் குடுவையும் வந்தது. உன் அத்தானுக்கு ரொம்பச் சந்தோஷம்.

குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்திருக்கிறேன். இப்போது கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. மஞ்சள் பிடிக்குமா, பச்சை பிடிக்குமா என்று உன் மனைவியிடம் கேட்டு எழுது.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அதில் ஒரு வசவுகூட இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

உனக்கு எப்படி நேரம் கிடைக்கிறது? போன வருடம் உன்னிடம் கைக்குட்டைக்கு ஓரம் தைக்கச் சொன்னதற்கே என்னைப் பிடிபிடி என்று பிடித்தாய். கிளட்ச் இறுக்கமா என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. வண்டி நன்றாக ஓடுகிறது என்கிறாய். யார் ஓட்டுகிறார்கள்?

பெடல் மிதிக்காமல் அந்த எஞ்சின் கிளம்பாது. குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்ததாக அத்தான் எழுதியிருந்தார். நீ என் தோள் உயரம், அத்தான் என்னைவிட ஒரு சாண் அதிகம். கேட்டுவிடுகிறேன். உனக்குப் பெடல் எட்டுகிறதா?

மஞ்சள் பிடிக்கும் என்கிறாள்.

தம்பி


ஜூன் 3

தம்பி,

உனக்குப் பதில் எழுத ஒன்றரை மாதமாகிவிட்டது. எழுதினால் பொய் எழுத வேண்டும், இல்லாவிட்டால் இதை எழுத வேண்டும். இரண்டுக்கும் மனம் வரவில்லை. நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும். இப்போது படி.

எட்டவில்லை. சீட்டில் சாய்ந்தால் பெடலுக்கும் என் பாதத்துக்கும் நடுவில் உள்ளங்கை அளவு இடைவெளி. இடுப்பை முன்னால் தள்ளினால் பெருவிரல் படுகிறது, வால் எலும்பில் ஊசி இறங்குகிறது. வெல்டிங் வைத்த அன்று நான் வேலையில் இருந்தேன். காலையிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டு சோடாபுட்டி என்னைப் பஸ்ஸில் அனுப்பி, "இன்னிக்கு ஒருநாள் அட்ஜஸ்ட் பண்ணுங்க அக்கா" என்றான். அன்றோடு சரி, என் வண்டியில் நான் ஏறவில்லை.

உன் அத்தானிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்றார். அடுத்த ஞாயிறு வெல்டருக்கு ஊரில் வேலை. அதற்கடுத்த ஞாயிறு, திரும்பத் திரும்ப வெல்டிங் வைத்தால் குழாய் வீணாகிவிடும் என்று யாரோ சொன்னார்களாம். பிறகு ஒருநாள் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். காலி பெட்டியை எடுத்துவந்து என் முன்னால் வைத்து விரலால் தட்டினார்.

"யார் பேரு போட்டிருக்கு, நீயே படி."

நான் படித்தேன். உன் கையெழுத்துதான். முத்து முத்தாக எழுதியிருந்தாய்.

சில நாள் நடந்து போனேன். மேம்பாலத்தின் நடுவில் கால் மரத்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன். அப்படி நிற்கும்போது ஒருநாள் உன் அத்தான் என்னைக் கடந்து போனார். கையை ஆட்டினார். உண்மையாகவே பாசத்தோடு ஆட்டினார், அதுதான் எனக்குக் குமட்டியது. தாமதம், விடுப்பு, தாமதம் என்று போனதில் சலவைக்கூடத்து மேலாளர் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனுஷி. உடம்பு சரியானதும் வாங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார். மார்ச் கடைசியிலிருந்து வீட்டில் இருக்கிறேன். ஸ்வெட்டர் அப்படித்தான் வளர்ந்தது. மடிப்பறைக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

வண்டி சாயங்காலம் கூடத்துக்குள் வருகிறது. என் முதுகுக்குப் பழகின வலைச் சீட்டில் அவருடைய தலை எண்ணெய் ஏறி மினுக்குகிறது. வலை தொய்ந்து அவர் முதுகு வடிவத்துக்கு வந்துவிட்டது. ஒருநாள் துடைக்கலாம் என்று ஈரத்துணியோடு போனேன். கிட்டே போனதும் வியர்வையும் பெட்ரோலும் கலந்த ஒரு புளித்த வாடை. ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு விசேஷமா என்று கேட்டுச் சிரிக்கிறார். எனக்கு நாற்பத்தைந்து வயது.

அவர் அடிப்பவர் இல்லை, குடிப்பவர் இல்லை. யாரிடம் போய் என்ன சொல்வேன்? சைக்கிள் ஓட்டுகிறார் என்றா?

அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கவே கூச்சமாக இருக்கிறது. உன் கடிதத்தை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்விட்டாள். 

நான் சும்மா இருக்கவில்லை. அத்தானுக்கு உடனே ஒரு கடிதம் எழுதிவிட்டேன். மனம் கோணாமல், பக்குவமாக எழுதியிருக்கிறேன். அக்காவுக்கு வேலை முக்கியம் என்று நீங்களே அறிவீர்கள், எப்போது வசதிப்படுகிறதோ அப்போது குழாயைப் பார்த்துக் கொடுங்கள், அதுவரை இன்னொரு வண்டிக்கு நான் வழி பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள். அவரைச் சங்கடப்படுத்தினால் நாளைக்கு அவரோடு வாழ வேண்டியவள் நீதானே. அவர் நல்லவர், எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்.

ஸ்வெட்டர் வந்தது. அளவு சரியாக இருக்கிறது. குழந்தையைப் பார்க்காமலே எப்படிப் பின்னினாய்?

தம்பி


ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு வலிக்கிறது, ஆனால் தூக்கம் வருகிறது. இதைச் சலவைக்கூடத்து ஓய்வறையிலிருந்து எழுதுகிறேன். மடிப்பறை கிடைக்கவில்லை. கீழ்த்தளத்தில் அழுக்குத் துணி பிரிக்கிற இடத்தில் ஒரு ஆள் குறைகிறது என்றார்கள். வருகிறேன் என்றேன். வயிறு கலங்கும், இனிமேல் உங்களால் முடியுமா என்று மேலாளர் தயங்கினார். நான் சிரித்துவிட்டேன்.

உன் பக்குவமான கடிதம் வந்த கதையைச் சொல்கிறேன். உன் அத்தான் அதைக் கூடத்தில் உட்கார்ந்து சோடாபுட்டிக்கும் வெல்டருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். "எப்போது வசதிப்படுகிறதோ" என்ற இடத்தை இரண்டு தடவை படித்தார். "என் மச்சான் எவ்வளவு மரியாதை தெரிஞ்ச பையன் பாத்தியா" என்றார். மூன்று பேரும் உன்னைப் புகழ்ந்தார்கள். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு அவரிடம் வந்த குமட்டல் உன்னிடமும் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். நான் உனக்கு எழுதியதை நீ அவருக்கு எழுதிக் கேட்கிறாய். என் காலை என்ன செய்யலாம் என்று இரண்டு பேரும் மரியாதையாகப் பேசிக்கொள்கிறீர்கள்.

போன வாரம் பிளக்கில் மறுபடி கரி பிடித்து எஞ்சின் கிளம்பவில்லை. காலையில் வெகுநேரம் மிதித்துப் பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே பஸ் பிடித்துக் கடைக்குப் போனார். வண்டி கூடத்தில் நின்றது. மதியம் வரை நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். யாரிடம் கேட்கலாம், யாரைக் கூப்பிடலாம் என்றுதான் நினைப்பு ஓடியது. பிறகு கட்டிலுக்கு அடியில் அவர் வைத்திருந்த பையை இழுத்தேன். ஹேக்சா இருந்தது, அரம் இருந்தது.

இரண்டு பொட்டு வெல்டிங் என்று கேட்டால் சின்னதாக இருக்கிறது. அறுக்கும்போது தெரியும். பிளேடு இரண்டு முறிந்தது. தரையில் படுத்துக்கொண்டு, வயிற்றுக்கு அடியில் தலையணை வைத்து, அறுத்தேன். பிறகு அரத்தால் தேய்த்தேன். இரும்புத் தூள் வியர்வையில் ஒட்டி, மூக்குக்குள் போய், எச்சில் துப்பினால் சாம்பல் நிறத்தில் விழுந்தது. கீழ்ப்பக்கத்துப் பொட்டு விட்டபோது குழாய் ஒரு சத்தம் போட்டது. கட்டை வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டி உள்ளே தள்ளினேன். உட்கார்ந்து பார்த்தேன். பாதம் முழுதாகப் பெடலில் பட்டது. சங்கிலியில் சேர்த்திருந்த துண்டைக் கழற்றினேன். வளையத்தை முறுக்கினேன். எஞ்சின் இல்லாவிட்டால் அது ஏன் நழுவப்போகிறது?

எஞ்சினைக் கழற்றுவது சுலபம், நாலு போல்ட். தூக்குவதுதான் பெரும் பாடு. தரையில் தேய்த்துக்கொண்டே படுக்கையறை வரை இழுத்தேன். சலவைக்கூடத்தில் கற்ற மாதிரி, மூலை மடித்து, ஒரு சுருக்கம் இல்லாமல், வெள்ளை விரிப்புப் போட்டேன். அவர் படுக்கிற பக்கத்தில், தலையணைமேல் டேங்க், அதற்குக் கீழே எஞ்சின், கால் பக்கம் சைலன்சர். அது பாட்டுக்குக் கருப்பாக வடித்துக்கொண்டு கிடந்தது. வலைச் சீட்டைக் கழற்றி, கொதிக்கும் நீரில் மூன்று தடவை சோப்புப் போட்டு அலசிக் காயவைத்தேன். நானும் குளித்தேன், புது சோப்பில்.

சாயங்காலம் அவர் வந்தார். கூடத்தில் வண்டியைப் பார்த்தார், என் விரல்களைப் பார்த்தார், உள்ளே போனார். நான் வாசற்படியில் நின்றேன். கத்துவார் என்று நினைத்தேன். என்னவெல்லாமோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் படுக்கையைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. மெதுவாகத்தான் கேட்டார்.

"நாளைக்கு நான் எப்படி வேலைக்குப் போறது?"

தம்பி, அந்தக் கேள்வி அவருக்குத் தெரியாது என்று இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை பிசகாமல் தெரிந்திருக்கிறது. என்னைப் பார்த்து அதைக் கேட்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது. பதில் எழுதுவதானால் இந்தச் சலவைக்கூடத்து விலாசத்துக்கு எழுது. குழந்தைக்கும் அவள் அம்மாவுக்கும் என் அன்பு. உனக்கு இன்னும் கொஞ்ச நாளாகும்.

அக்கா